துருக்மேனியர்களின் யூசார்லிக் புகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகைகளைப் பற்றிப் பேசப் போகும் இடங்களில் மத்திய ஆசியாவைத் தொட்டால் போதும், துருக்மேனியர்கள் வீட்டில் போடும் யூசார்லிக் செடிப் புகையைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்கள். 2020இல் கொரோனா செய்திகளோடு இந்தச் செடியின் பெயரும் அடிபட்ட பிறகு கேள்விகள் இன்னும் கூடிவிட்டன. அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் செடியைப் புகை போடுவது வேறு, வாயில் போடுவது வேறு.

இது என்ன செடி? நம்ம பக்கம் இருக்கா?

தாவரவியலில் இதன் பெயர் பெகானம் ஹர்மலா. முழங்கால் உயரத்துக்குப் புதராக வளரும், பல வருடம் நிற்கும் செடி. இலைகள் மெல்லிய கீற்றுகளாகப் பிளந்திருக்கும். பூ வெள்ளை, ஐந்து இதழ். காய் உருண்டையாகச் சுண்டைக்காய் அளவில் இருக்கும், உள்ளே மூன்று அறைகள். கோடையில் முற்றிக் காய்ந்ததும் காய் உச்சியில் பிளந்துகொள்ளும். கையில் கொட்டினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், கோணல்மாணலாக, கரும்பழுப்பு விதைகள் உதிரும். வழவழப்பே இல்லாத, சொரசொரப்பான விதைகள்.

வட ஆப்பிரிக்காவிலிருந்து மங்கோலியா வரைக்கும் மழை குறைந்த நாடுகளில் இது தானாக முளைக்கிறது. துருக்மேனிஸ்தானின் பெரும்பகுதி கரகும் பாலைவனம் என்பதால் அங்கே இதற்குப் பஞ்சமே இல்லை. இந்தியாவில் காஷ்மீர், பஞ்சாப், ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயல் வரப்பில் கண்ணில் படும் செடி இல்லை. ஆனால் விதை வணிகம் வழியாக இங்கேயும் வந்திருக்கிறது. பழைய மருந்துச் சரக்குப் பட்டியல்களில் 'சீமை அழவணை விரை' என்று இருப்பது இதுதான்.

ஒருத்தர் இஸ்பந்த்ங்கிறார், ஒருத்தர் ஹர்மல்ங்கிறார். எல்லாம் ஒண்ணா?

ஒன்றேதான். துருக்மேனியர்களுக்கு யூசார்லிக், துருக்கியிலும் அசர்பைஜானிலும் உசர்லிக், உஸ்பெக்குகளுக்கு இசிரிக், கசாக்குகளுக்கு அதிராஸ்பான், பாரசீகத்தில் எஸ்பந்த், அரபியில் ஹர்மல். காஷ்மீரில் கல்யாண வீட்டு வாசலில் விருந்தாளிகளை வரவேற்கப் புகைக்கிற இஸ்பந்த்தும் இதே விதை. இந்தப் பக்கத்தில் துருக்மேனியப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

அருவதாவும் இதுவும் ஒண்ணுதானே? ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே பேர் போட்டிருக்கு.

இல்லை. நம் வீட்டுத் தொட்டியில் குழந்தைகளுக்காக வளர்க்கும் அருவதா (சதாப்பு இலை என்றும் சொல்வார்கள்) எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. யூசார்லிக் வேறு குடும்பம், உள்ளே இருக்கும் பொருட்களும் வேறு. கசப்பிலும் வாடையிலும் ஓரளவு ஒத்துப்போவதால் கிரேக்க மருத்துவர் காலத்திலேயே இதைக் காட்டு அருவதா என்ற கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் குழப்பம் இன்று வரை தொடர்கிறது. பெயரை நம்பி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பயன்படுத்தாதீர்கள். குழந்தைக்கு என்று வரும்போது இது வெறும் பெயர்க் குழப்பமாக நின்றுவிடாது.

புனிதச் செடின்னு சொல்றீங்க. ஆனா கல்லறையிலயும் பாழடைஞ்ச இடத்துலயும்தான் வளருதாமே?

உண்மைதான். ஆட்டுப் பட்டி, கிணற்றடி, இடிந்த மண்சுவர், கல்லறைத் தோட்டம், பழைய நகரங்களின் இடிபாடு என்று மனிதன் புழங்கிய மண்ணில்தான் இது அடர்ந்து வளரும். காரணம் எளிது. கடுங்கசப்பு, அதோடு விஷம். ஆடும் ஒட்டகமும் மற்ற எல்லாவற்றையும் மேய்ந்து தீர்த்தாலும் இதை ஒதுக்கிவிடும். அதனால் மேய்ச்சல் அதிகமான இடத்தில் போட்டியில்லாமல் பரவுகிறது. மேய்ச்சல் நில ஆய்வாளர்கள் இதை நிலம் நலிந்துவிட்டதற்கு அடையாளமாகவே பார்க்கிறார்கள்.

மேய்ச்சல் மக்களின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வெயில் ஏற ஏற கண்ணுக்கெட்டிய தூரம் எல்லாம் கருகிப்போகிறது. இது மட்டும் பச்சையாக நிற்கிறது, எந்த விலங்கும் வாய் வைப்பதில்லை, முன்னோர்களைப் புதைத்த இடத்தில் காவல் மாதிரி வளர்கிறது. இதற்குத் தனிச் சக்தி உண்டு என்று அவர்கள் நம்பியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

புகை எப்படிப் போடுவாங்க? விதையா, செடியா?

துருக்மேனிய வீடுகளில் காய்களோடு அறுத்துக் காயவைத்த செடிக் கட்டு இருக்கும். தலைகீழாகக் கட்டி வாசல் நிலைக்கு மேல் தொங்கவிடுவதும் உண்டு. தொங்கும்போது அது காப்பு, தேவைப்படும்போது அதிலிருந்தே கொஞ்சம் ஒடித்தால் புகைக்கும் ஆச்சு. ஈரானில் வெறும் விதையைப் போடுவதுதான் அதிகம்.

ஒரு பழைய இரும்புச் சட்டியிலோ தகர மூடியிலோ நெருப்புத் துண்டுகளைப் போட்டு, அதன் மேல் ஒரு கை காய்ந்த செடியை நொறுக்கிப் போடுவார்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு காய்களுக்குள் இருக்கும் விதைகள் சூடேறிப் படபடவென்று வெடிக்கும். வெண்மையான, கனத்த புகை எழும். வாடை இனிமையானது என்று சொல்ல முடியாது, கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கோடு தொண்டையைப் பிடிக்கும். சட்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பெண், பெரும்பாலும் பாட்டியோ அம்மாவோ, அறை மூலைகள், வாசற்படி, தொட்டில் என்று சுற்றிவருவார். ஆட்களின் தலையைச் சுற்றியும் காட்டுவார். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வெடிச் சத்தத்துக்கும் அர்த்தம் உண்டு. பொறாமைக் கண் வெடித்துப் போகட்டும் என்று வேண்டுவது ஈரானிலும் அசர்பைஜானிலும் பாட்டாகவே இருக்கிறது. உசர்லிக் வெடிக்கட்டும், கெட்ட கண் தெறிக்கட்டும் என்பது அசர்பைஜான் பாட்டிகள் சொல்லும் வரி. திருஷ்டி கழித்து அடுப்பில் போட்ட மிளகாயும் உப்பும் எப்படி வெடிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தினமும் போடுவாங்களா? இல்ல விசேஷத்துக்கு மட்டுமா?

இதற்கு ஒரே மாதிரி விதி கிடையாது, குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். புது வீடு புகுவது, கல்யாணம், தூரப் பயணம் போய் வந்தவர், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் சளி, குழந்தை காரணமில்லாமல் அழுவது, கெட்ட கனவு, வீட்டில் சண்டை என்று பல காரணங்கள். சளிக் காய்ச்சல் காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே புகை எழும். மத்திய ஆசியச் சந்தைகளில் புகைச் சட்டியோடு கடை கடையாக வரும் பெண்களையும் பார்க்கலாம். கடைக்குப் புகை காட்டிவிட்டுச் சில்லறை வாங்கிக்கொண்டு போவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரசவத்துக்குப் பிந்தைய நாற்பது நாள். அதைச் சில்லே என்பார்கள். தாயும் சேயும் அந்த நாட்களில் 'அல்' என்ற தீய சக்தியின் பார்வைக்கு எளிதில் ஆளாவார்கள் என்பது நம்பிக்கை. தாயைத் தனியே விடமாட்டார்கள், வெளியாட்கள் வந்து போவதைக் குறைப்பார்கள், யூசார்லிக் புகை போடுவார்கள். இந்த நம்பிக்கையை இன்று கேலி செய்வது எளிது. பிரசவக் காய்ச்சலும் ஜன்னியும் தாய்களைக் கொண்டுபோன காலத்தில், பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள அந்தச் சமூகம் ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. புகையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் மீதியில் நல்ல அக்கறை இருக்கிறது.

கண்ணேறுக்குப் புகை மட்டும்தானா? வேற காப்பு எதுவும் இல்லையா?

நிறைய உண்டு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்கிறோமே, அந்தப் பயம் துருக்மேனியர்களிடம் ஒரு பங்கு கூடுதல். கருப்பும் வெள்ளையுமாக ஒட்டக முடியை முறுக்கிச் செய்யும் அலஜா என்ற கயிற்றைக் கையில் கட்டுவார்கள். தக்தான் என்ற மரத்தின் கட்டையில் சின்னச் சின்ன வடிவங்கள் செதுக்கிக் குழந்தையின் சட்டையில் தைப்பார்கள். நீல மணி, வெள்ளித் தாயத்து, முக்கோணத் துணிக்குள் எழுதி மடித்த துஆ எல்லாம் அதே சட்டையில் ஏறும்.

அந்தக் குழந்தைச் சட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழ் ஓரத்தை மடித்துத் தைக்காமல் நூல் பிரிந்து தொங்கும்படியே விட்டுவிடுவார்கள். ஓரத்தை மூடினால் பிள்ளையின் ஆயுளையும் மூடியதாகும் என்பது அவர்கள் கணக்கு. அருங்காட்சியகங்களில் இந்தச் சட்டைகளைப் பார்க்கிறவர்கள் கிழிந்துபோனது என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். பிள்ளை நெடுநாள் வாழ வேண்டும் என்ற அம்மாவின் வேண்டுதல் அந்தப் பிரிந்த நூலில்தான் இருக்கிறது. யூசார்லிக் புகையை இந்த மொத்தக் கூட்டத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அதன் இடம் புரியும்.

துருக்மேனியர்கள் முஸ்லிம்கள்தானே? இது மதத்துக்கு விரோதமில்லையா?

பெரும்பான்மையோர் சன்னி முஸ்லிம்கள். இஸ்லாத்துக்கு முந்தைய பழக்கம் என்று இதைக் குறை சொல்லும் மார்க்க அறிஞர்கள் உண்டு, குறிப்பாகத் தாயத்து விஷயத்தில். ஆனால் வீட்டில் புகை போடும் பெண்ணுக்கு அப்படி ஒரு பிளவே தெரியாது. பிஸ்மில்லா சொல்லித்தான் செடியை அறுப்பார், பிஸ்மில்லா சொல்லித்தான் நெருப்பில் போடுவார். மத்திய ஆசியாவில் வைத்தியம் பார்க்கும் பெண்கள் வேலையைத் தொடங்கும்போது, இது என் கை இல்லை, பீபி ஃபாத்திமாவின் கை என்று சொல்லிக்கொள்வார்கள். குணமாக்குவது நான் இல்லை என்கிற பணிவு அதில் இருக்கிறது. பழைய பழக்கமும் புதிய நம்பிக்கையும் அந்தப் புகைச் சட்டியில் சண்டை போடாமல் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே இருக்கின்றன.

எத்தனை வருஷத்துப் பழக்கம் இது? ஆதாரம் ஏதாவது இருக்கா?

துருக்மேனியர்கள் எப்போது தொடங்கினார்கள் என்று தேதி சொல்ல முடியாது. செடியைப் புகைக்கும் பழக்கத்துக்கு மட்டும் நல்ல ஆதாரம் கிடைத்திருக்கிறது. சவூதி அரேபியாவின் வடமேற்கில் குரய்யா என்ற பாலைவனச் சோலையில் தோண்டி எடுத்த புகைக் கலங்களில் இந்தச் செடிக்கே உரிய வேதிப்பொருட்கள் ஒட்டியிருந்தன. காலம் சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன். இந்த ஆய்வு 2025இல் வெளியானது. வாழ்ந்த வீடுகளிலிருந்தே அந்தக் கலங்கள் கிடைத்தன என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இரும்புக் காலத்திலும் இது வீட்டுப் புகையாக இருந்திருக்கிறது.

கிபி 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் இந்தச் செடியைக் குறித்துவைத்திருக்கிறார். இன்னொரு பெரிய விவாதமும் உண்டு. பழைய ஈரானியர்கள் சடங்கில் பருகிய ஹவோமா, வேதங்களின் சோமம் என்பது இந்தச் செடிதான் என்று 1989இல் ஃப்ளாட்டரி, ஷ்வார்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். எஃபெட்ரா என்ற வேறு செடியைச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். துருக்மேனிஸ்தானின் மார்வ் பகுதியில் கோனூர் தெபே என்ற வெண்கலக் காலத்து ஊரைத் தோண்டிய விக்டர் சரியானிதி, அங்கே ஹவோமா காய்ச்சிய தடயம் கிடைத்ததாகச் சொன்னார். அதைப் பிற ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆகவே, யூசார்லிக்தான் சோமம் என்று அடித்துச் சொல்லும் பதிவுகளை நம்பிவிடாதீர்கள்.

மருந்தா உள்ளுக்கும் சாப்பிடுவாங்களாமே?

உண்மை. தெபிப் எனப்படும் துருக்மேனிய நாட்டு வைத்தியர்கள் இதைப் பல விதத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூட்டு வலி, வாத வலிக்குச் செடியைக் கொதிக்க வைத்த தண்ணீரில் குளிப்பது அல்லது ஒத்தடம், தோல் சொறிக்கு அதே கஷாயத்தால் கழுவுவது, பல்வலிக்குப் புகை காட்டுவது என்று வெளிப்பூச்சு முறைகளே மிகுதி. குடற்புழுவுக்கும், மாதவிலக்கை வரவழைக்கவும் உள்ளுக்குக் கொடுத்ததும் உண்டு. அப்படிக் கொடுத்தவர்கள் அளவை அறிந்த வைத்தியர்கள். வீட்டுப் பெண்கள் செய்தது புகையும் குளியலும். இந்தப் பிரிவினையை அந்த மக்களே காத்துவந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கால்நடை வளர்த்தவர்களுக்கு இதன் விஷம் நன்றாகத் தெரியும்.

நவீன மருத்துவமும் இதைத் தொடாமல் விடவில்லை. இதன் விதையில் இருக்கும் வேதிப்பொருட்களில் ஹர்மலைன் 1841இலும் ஹர்மின் 1847இலும் பிரித்தெடுக்கப்பட்டன. 1920களின் கடைசியில் ஜெர்மனியில் ஹர்மினைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சோவியத் காலத்தில் தாஷ்கண்டில் இருந்த தாவர வேதியியல் நிறுவனம் இந்தச் செடியிலிருந்து டிஆக்சிபெகானின் என்ற மருந்தை உருவாக்கியது. நரம்புத் தளர்ச்சி நோய்களுக்கு அதைக் கொடுத்தார்கள். பிரித்தெடுத்து, அளந்து, மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்த மருந்து அது. விதையை மென்று தின்பதோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

நம்ம ஆடாதோடையில இருக்கிற சத்து இதுலயும் இருக்குன்னு படிச்சேன். அப்ப இருமலுக்குக் குடிக்கலாமா?

படித்தது சரி, முடிவு தவறு. ஆடாதோடையின் முக்கியப் பொருளான வாசிசின் இந்தச் செடியிலும் இருக்கிறது. இதிலிருந்து எடுத்தவர்கள் பெகானின் என்று பெயர் வைத்தார்கள், பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. சளியை இளக்கும் ப்ரோம்ஹெக்சின் மருந்து உருவானதும் வாசிசினைப் பார்த்துத்தான். துருக்மேனியர்கள் சளி, மூச்சுத் தொல்லைக்கு இந்தச் செடியை நாடியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

ஆனால் ஆடாதோடையில் இல்லாத ஹர்மின், ஹர்மலைன் இரண்டும் இதில் ஏராளம். விதை எடையில் 2 முதல் 7 சதவீதம் வரை இத்தகைய ஆல்கலாய்டுகள் இருக்கும். ஒரு நல்ல பொருள் பொதுவாக இருப்பதால் செடியும் நல்லதாகிவிடாது. இருமலுக்கு ஆடாதோடை இருக்கும்போது இதைத் தொட வேண்டிய அவசியமே நமக்கு இல்லை.

ஒரு சிட்டிகை சாப்பிட்டா என்ன ஆகிடும்?

குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், கை நடுக்கம். அளவு கூடினால் பிரமை, ரத்த அழுத்தம் இறங்குவது, நாடித்துடிப்பு குறைவது. ஈரானில் 150 கிராம் விதை தின்ற ஒருவர் இத்தகைய அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கும், கருவைக் கலைக்கும். மாதவிலக்கை வரவழைக்கக் கொடுத்தார்கள் என்று மேலே சொன்னதன் மறுபக்கம் இது.

இதைவிடப் பலர் அறியாத ஆபத்து மாத்திரைகளோடு மோதுவது. ஹர்மினும் ஹர்மலைனும் உடலில் மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியின் வேலையைத் தடுக்கும். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதை உள்ளுக்குச் சாப்பிட்டால் மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறி ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், விதைப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்ப இது போதைச் செடியா? இளைஞர்கள் ஏதோ கலந்து குடிக்கிறாங்கன்னு சொல்றாங்க.

அமேசான் காட்டு மக்களின் பிரமை தரும் அயவாஸ்கா பானத்தில் சேரும் கொடியிலும் இதே ஹர்மின் இருக்கிறது. அதனால் மேற்கு நாடுகளில் சிலர் அந்தக் கொடிக்குப் பதில் இந்த விதையைப் பயன்படுத்துகிறார்கள். பிரான்ஸ் 2005இல் இதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. துருக்மேனியப் பழக்கத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. குழந்தையின் தொட்டிலைச் சுற்றிக் காட்டும் புகையை யாரும் மயக்கத்துக்காகப் போடுவதில்லை. அந்த நோக்கத்தில் கேட்பவர்களுக்கு முந்தைய பதிலே என் பதில்.

புகைக்குக் கிருமியைக் கொல்ற சக்தி உண்டுன்னு நிரூபிச்சிருக்காங்களே?

எங்கே, எப்படி நிரூபித்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஈரானில் இந்தப் புகையைக் குளிரவைத்துச் சேகரித்து, அந்தச் சாற்றை ஆய்வகத் தட்டுகளில் வைத்துப் பார்த்தார்கள். சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் வளரவில்லை. நல்ல, பயனுள்ள ஆய்வு. ஆனால் தட்டில் ஊற்றிய செறிவான சாறு வேறு, ஜன்னல் திறந்த அறையில் ஐந்து நிமிடம் சுற்றும் புகை வேறு. அறைக் காற்றில் சில கிருமிகள் குறைந்தாலும்கூட, உடம்புக்குள் போய்விட்ட நோயை அது தொடப் போவதில்லை.

எந்தப் புகையும் நுரையீரலுக்குச் சுமை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், மூச்சு வாங்கும் முதியவர்கள் இருக்கும் அறையில் போட வேண்டாம். சில்லே நாட்களைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டுப் பிறந்த குழந்தைக்குப் புகை காட்டலாமா என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்: வேண்டாம்.

கொரோனாவுக்கு இதைக் கொளுத்தச் சொன்னாராமே அந்த நாட்டு அதிபர்? நிஜமா?

நிஜம். 2020 மார்ச்சில் நடந்த அரசுக் கூட்டத்தில் அப்போதைய அதிபர் குர்பாங்குலி பெர்திமுகமெதோவ், முன்னோர்கள் தொற்று நோயைத் தடுக்க யூசார்லிக் புகைத்தார்கள் என்று சொல்லி அதைப் பரிந்துரைத்தார். அவர் படிப்பால் பல் மருத்துவர், முன்பு சுகாதார அமைச்சராக இருந்தவர். நாட்டு மூலிகைகளைப் பற்றி 2009 முதல் பல தொகுதிகளாக நூல் வெளியிட்டிருப்பவர். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புகை எழுந்தது.

இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. துருக்மேனிஸ்தான் ஒரு கொரோனா நோயாளிகூட இல்லை என்றே சொல்லிவந்தது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் குழு போய் வந்து, நோய் பரவுகிறது என்று எண்ணியே நடவடிக்கை எடுங்கள் என்று சொன்ன பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. முகக்கவசம் அணியச் சொன்னபோதுகூடக் காற்றில் தூசி என்றுதான் காரணம் சொன்னார்கள். பாட்டி தன் பேரனுக்காகப் போடும் புகை பரிசோதனையையும் தடுப்பூசியையும் நிறுத்தவில்லை. அதையே ஓர் அரசு கையில் எடுத்து உண்மையைச் சொல்லாத இடத்தை நிரப்பப் பயன்படுத்தியபோது, கெட்ட பெயர் வந்தது என்னவோ அந்தப் பாட்டியின் செடிக்குத்தான்.

துருக்மேனியக் கம்பளத்தின் சிவப்பு நிறம் இந்த விதையிலிருந்துதான் வருதா?

இந்த விதையிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம், அதனால் வந்த பேச்சு. துருக்மேனியக் கம்பளங்களின் அந்த ஆழ்ந்த சிவப்புக்கு மூலம் மஞ்சிட்டியின் உறவான செடியொன்றின் வேர்.

வெளிப்படையா சொல்லுங்க. இது மூடநம்பிக்கைதானே?

நோயைக் குணமாக்கும் என்று நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்தால், ஆம், ஆபத்தான மூடநம்பிக்கை. அப்படி நடக்கும் இடத்தில் நான் எந்தப் பாரம்பரியத்துக்கும் பரிந்துபேச மாட்டேன்.

ஆனால் நான் படித்ததிலும் கேட்டதிலும் பெரும்பாலான துருக்மேனியக் குடும்பங்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரையும் உண்டு, புகையும் உண்டு. புகை சொல்வது வேறு ஒன்றை: உன்னை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன், இந்த வீட்டுக்கு ஒரு காவல் இருக்கிறது. சோவியத் ஆட்சி எழுபது வருடம் இத்தகைய பழக்கங்களைப் பின்தங்கியவை என்று ஒதுக்கிவைத்தது. மசூதிகள் மூடப்பட்டன, வைத்தியர்கள் ஒடுங்கிப் போனார்கள், புகைச் சட்டி மட்டும் அடுப்படியில் தப்பிப் பிழைத்தது. அதற்கு மசூதியும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம், ஒரு கை செடியும் கொஞ்சம் நெருப்பும் போதும். அப்படிப் பெண்கள் காப்பாற்றிக் கொடுத்ததை ஒரே சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆன்லைன்ல இஸ்பந்த் விதை விக்குது. வாங்கி வீட்டுல ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?

ஆர்வம்தான் என்றால், திறந்த வெளியிலோ ஜன்னல்களைத் திறந்துவைத்தோ, ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் போடுங்கள். விதை வெடித்துத் தெறிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். புகையைக் குனிந்து இழுக்க வேண்டாம். கர்ப்பிணியோ, மேலே சொன்ன மூச்சுத் தொல்லைக்காரர்களோ இருந்தால் விட்டுவிடுங்கள். மீதி விதையை அஞ்சறைப்பெட்டிப் பக்கம் வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் தனி டப்பாவில் வையுங்கள். 'ஒரு மண்டலம் வெறும் வயிற்றில்' என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்கிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

அந்த விதையையே தோட்டத்துல போட்டு வளர்க்கலாமா?

வேண்டாம். நம் ஈரக் காற்றும் பருவமழையும் இதற்குப் பிடிக்காது, பெரும்பாலும் அழுகிப்போகும். பிடித்துக்கொண்டால் அது வேறு தொல்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டெமிங் என்ற ஊர்ப் பக்கம் 1928இல் முதலில் பதிவான இந்தச் செடி, இன்று அங்கே பல மாநிலங்களில் ஒழிக்க முடியாத களை. வேர் பல மீட்டர் ஆழம் போகும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும், அசலூர் ஆடுமாடு பசியில் மேய்ந்துவிட்டால் நோய்வாய்ப்படும். மூலிகை வளர்க்கும் ஆசை இருந்தால் ஒரு ஆடாதோடைக் குச்சியை ஒடித்து வேலியோரம் ஊன்றுங்கள்.